திலகராணி பெயர் வெட்டிய பிரிட்ஜ்

பதினோரு வருசமாக ஒருநாள்கூட மூச்சு முட்டாமல் ஓடிய பிரிட்ஜ், திலகராணியின் சாமான்களை ஏற்றிய வண்டி முக்குளம் தெருவுக்குள் திரும்பிய அதே காலையில், அதே நிமிசத்தில், சண்முகக்கனி வீட்டில் நின்றுபோனது. நின்றது என்றால் செத்துப்போய் நிற்கவில்லை. செத்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். கதவைத் திறந்தால் உள்ளே பல்பு எரிந்தது. பின்பக்கம் டிக் என்று ஒரு சத்தம், அதன்பிறகு மூட்டை தூக்கப்போகிற ஆள் இடுப்பை வளைத்து முக்குவது போல ம்ம்ம் என்று ஒரு முனகல், ஏழு எண்ணுவதற்குள் டக் என்று இன்னொரு சத்தம், அவ்வளவுதான், அமைதி. மூன்று நிமிசம் கழித்து மறுபடி டிக், மறுபடி ம்ம்ம், மறுபடி டக். எழுந்திருக்க மனசில்லாதவன் பாயில் புரண்டு புரண்டு படுப்பதைப் போல அது நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தது.

உள்ளே நாலு கிலோ மல்லிகை மொட்டு இருந்தது. மறுநாள் முகூர்த்தத்துக்காக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, அடுக்கி வைத்த மொட்டு. குளிர் இருக்கிறவரை அது விரியாது. விரியாதவரைதான் அது பூக்காரிக்குச் சொந்தம், விரிந்துவிட்டால் தெருவுக்குச் சொந்தம். மத்தியானம் இரண்டு மணிக்கு நாலு கிலோவும் ஒரே மூச்சாக விரிந்தது. வாசம் கதவிடுக்கில் நுழைந்து, வாசலைத் தாண்டி, தெருக்கோடி மாவுமில் வரைக்கும் போக, மில்லுக்காரர் மிசினை அமர்த்திவிட்டு வெளியே வந்து, "யாரு வீட்டுல கல்யாணம்?" என்று கேட்டார். பிரிட்ஜ் நின்ற செய்தியைச் சண்முகக்கனி ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மூக்கு இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

மெக்கானிக் சவரிமுத்து வந்தார். கரண்ட் கம்மியாக இருக்கும் என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் சரியாக இருந்தது. ரிலேயைக் கழற்றிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து வேறு மாட்டினார். சூடேறினால் கரண்டை வெட்டிவிடுகிற ஓவர்லோடை மாற்றினார். கெபாசிட்டரை மாற்றினார். கையிலிருந்த வயரால் நேராகவே கம்ப்ரசருக்குக் கரண்ட் காட்டினார், மரச்சுத்தியால் அதன் மண்டையில் செல்லமாக இரண்டு தட்டு தட்டினார், பிறகு செல்லமில்லாமல் நாலு தட்டு தட்டினார். இரண்டாம் நாள் கம்ப்ரசரையே அறுத்தெடுத்துவிட்டுப் புதுசு வைத்து, பற்றவைத்து, காஸ் ஏற்றி, சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். புதுசும் டிக் என்றது, ம்ம்ம் என்றது, டக் என்றது. அறுத்தெடுத்த பழசைக் கடைக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துக் கரண்ட் கொடுத்தால் அது ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஓடியது.

"பொருள்ல கோளாறு இல்ல தாயி," என்றார் சவரிமுத்து.

"அப்ப எதுல கோளாறு?"

"வீட்டுல இருக்கும்."

"ஒம்ம வேலையில கோளாறுன்னு சொல்ல வாய் வரல, என் வீட்டச் சொல்றீரு. இன்னொரு தடவ கழத்திப் பாரும்."

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் பிரிட்ஜுக்குப் பின்னால் தலையைக் கொடுத்துக் குனிந்திருந்தபோது, வாசலில் ஒரு பெண் வந்து நின்று, "ரெண்டு முழம் பூ வேணும்க்கா," என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படி தாண்டி உள்ளே கால் வைத்தாள். அவள் வலதுகால் தரையில் பட்டதும் கம்ப்ரசர் முனகாமல், முக்காமல், டிக் என்ற சத்தம்கூட இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதைப் போல ஓட ஆரம்பித்தது. சவரிமுத்து தலையை வெளியே எடுத்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். சண்முகக்கனியும் பார்த்தாள். அது திலகராணி. பூவுக்கு என்ன விலை என்று கேட்காமல் கையிலிருந்த நோட்டைக் கொடுத்துவிட்டு, மீதியை எண்ணாமல் முந்தியில் முடிந்துகொண்டு அவள் போனாள். விலை கேட்காமல் வாங்குகிறவளைச் சண்முகக்கனி பார்த்தது அன்றைக்குத்தான். அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

பதினோரு வருசத்துக்கு முன்னால், சண்முகக்கனியின் புருசன் கோமதிநாயகத்துக்கு நிச்சயம் பண்ணியிருந்தது இந்தத் திலகராணியைத்தான். அவள் அப்பா வைகுண்டம் பாத்திரக்கடைக்காரர். ஊர் வழக்கப்படி சீர்சாமான்களில் பெயர் வெட்ட மாடசாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மாடசாமிக்கு வேலை கிடைத்தால் கை நிற்காது. குத்துவிளக்கில் ஆரம்பித்து அண்டா, குண்டான், தூக்குச்சட்டி, டம்ளர், கரண்டிக் காம்பு வரைக்கும் உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி 'வை. திலகராணி' என்று வெட்டி முடித்தும் தாகம் அடங்காமல், ஓரமாக நின்ற புதுப் பிரிட்ஜைத் திருப்பிவைத்து அதன் முதுகுத் தகரத்திலும் வெட்டிவிட்டார். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கையில் சீர் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைப் பார்த்தார். குடத்தில் பெயர் வெட்டுவது ஊரில் உள்ளது. பிரிட்ஜில் எவன் வெட்டுவான்? "நாளைக்குத் திருப்பித் தூக்கிட்டுப் போறதுக்கு இப்பவே அடையாளம் போட்டுட்டீகளோ?" என்றார் மாமன். "ஒங்க வீட்டுல தூக்கி வித்துருவீகளோன்னுதான்," என்றார் வைகுண்டம். மத்தியானச் சோற்றுக்கு இலை போடுவதற்குள் கல்யாணம் இல்லையென்று ஆகிவிட்டது.

மண்டபம் இருந்தது, சமையல்காரர் இருந்தார், தேதி இருந்தது; பெண் மட்டும் இல்லை. மறுநாள் காலையில் முகூர்த்தப் பூவுக்கு எத்தனை மாலை என்று கேட்க வந்தவள்தான் சண்முகக்கனி. அப்பன் ஆத்தாள் இல்லாதவள். ஒன்பது வயதில் பூக்கடை வாசலில் சிந்திய பூவைப் பொறுக்கி, பன்னிரண்டு வயதில் கூடை தூக்கி, பதினாறு வயதில் ஏலக்காரனிடம் அறை வாங்கி, மறுநாள் அதே ஏலக்காரனிடம் பாதி விலைக்குப் பூ வாங்கியவள். அவள் படித்த படிப்பு ஒன்றே ஒன்றுதான்: காலை பத்து மணிக்கு மேல் மல்லிகைக்கு விலை நிற்காது, பத்து மணி வரைக்கும் கால் வலிக்க நிற்கத் தெரிந்தவளுக்குப் பூ கிடைக்கும். இடிந்துபோய் உட்கார்ந்திருந்த தாய்மாமன் முன்னால் போய் நின்று, "பூ மட்டும் போதுமா அண்ணாச்சி, பூவோட பொண்ணும் வேணுமா?" என்று கேட்டாள். மாமன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கால்மணி நேரத்தில் பேசி முடித்தாள். அதே கையோடு வைகுண்டம் கடைக்குப் போய், பெயர் வெட்டின பிரிட்ஜை வேறு எவன் வாங்குவான் என்று கேட்டுக் கேட்டே அந்த மனுசனைக் கண்ணில் தண்ணீர் வரவைத்துப் பாதி விலைக்கு எடுத்துவந்தாள். மாப்பிள்ளை, மண்டபம், தேதி, பிரிட்ஜ், எல்லாம் பத்து மணிக்கு மேல் வாங்கின சரக்கு. அதைப் பதினோரு வருசமாக அவளே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திலகராணிக்கு அதன்பிறகு கல்யாணம் ஆகவில்லை. சத்துணவு வேலை கிடைத்து ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது இந்தத் தெருப் பள்ளிக்கூடத்துக்கே வந்து, தன் பெயர் வெட்டிய பாத்திரங்களோடு சண்முகக்கனி வீட்டிலிருந்து பதினேழாவது வீட்டில் தனியாகக் குடியிருந்தாள்.

முக்குளம் தெருவுக்கு இதில் ஆச்சரியப்பட நேரமில்லை. ஒரு பொருள் யாருக்கென்று வாங்கப்பட்டதோ அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறது, அதில் என்ன இருக்கிறது, அதற்கு இருக்கிற மரியாதை நம்ம வீட்டுப் பயலுகளுக்கு இல்லையே என்றார்கள். திலகராணி ஒருமுறை வந்து நிலைப்படி தாண்டினால் பிரிட்ஜ் தெர்மோஸ்டாட்டையும் மதிக்காமல் ஒரு பொழுது முழுக்க ஓடும், பொழுது சாய்ந்தால் நிற்கும், மறுபடி அவள் வர வேண்டும். ஆகவே காலை ஆறு, மாலை ஆறு என்று தெருவே முறை வைத்தது. அவள் தாமதிக்கக் கூடாது என்பதற்காகக் குழாயடியில் அவள் குடத்துக்கு முதல் இடம் கொடுத்தார்கள். அவள் சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது, கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவாளோ என்று கூடவே ஓர் ஆளை அனுப்பினார்கள். ஏனென்றால் தெருவில் இருந்ததிலேயே பெரிய பிரிட்ஜ் அதுதான், பாதி வீட்டுப் பாலும் மீனும் கண்மருந்தும் அதற்குள்தான் இருந்தன.

அதோடு நிற்கவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரங்களைக் கவிழ்த்து அடியிலும் கழுத்திலும் பெயர் பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பிச்சம்மா தன் பித்தளைச் செம்பில் 'கு. பாப்பா' என்று இருப்பதைக் கண்டுபிடித்து, யார் அந்தப் பாப்பா என்று புருசனைத் திங்கட்கிழமையிலிருந்து வியாழக்கிழமை வரைக்கும் கேட்டாள். மூன்று குடங்களும் ஒரு இட்லிக்கொப்பரையும் உரியவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போயின. ஒருவர் தன் கட்டிலைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்து அன்றைக்குத் தரையில் நிம்மதியாகத் தூங்கினார். இனிமேல் தாலி ஏறின பிறகுதான் பெயர் வெட்டுவது என்று கோயில் வாசலில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். வயதான மாடசாமி, தான் பண்ணின ஒரு காரியம் இத்தனை பெரிசாகும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழகாக வெட்டியிருப்பேன் என்று வருத்தப்பட்டார்.

சண்முகக்கனி மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

பிரிட்ஜ் போனால் போகட்டும். அவள் பார்த்துக்கொண்டிருந்தது பிரிட்ஜை இல்லை, புருசனை. கோமதிநாயகம் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் பிழை பார்க்கிறவன். நாள் முழுக்க வாய் திறக்காமல் அடுத்தவன் தப்பில் கோடு போட்டுவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்தும் அப்படித்தான் இருந்தான். குழம்பு எப்படி இருக்கு என்றால் ம். நாளைக்கு முகூர்த்தம் இருக்கு, சீக்கிரம் எழுப்பவா என்றால் ம். பதினோரு வருசத்தில் அவன் அவளிடம் பேசியதையெல்லாம் தொடுத்தால் ஒரு முழம் தேறாது. அப்படிப்பட்டவன் இப்போது செவ்வாய்க்கிழமையில் முகச்சவரம் செய்தான். காலை ஆறு மணிக்குத் திலகராணி வந்து முன்னறையில் நிற்க, பிரிட்ஜ் ஓட ஆரம்பிக்க, இவனும் ஓட ஆரம்பித்தான். அடுப்படியிலிருந்து கேட்டால் வார்த்தை புரியாது, முணுமுணுவென்று சத்தம் மட்டும் கேட்கும். நீளநீளமாக, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி தொடர்ந்து. ஒருநாள் அவன் சிரித்தான். கையிலிருந்த கரண்டியோடு சண்முகக்கனி அப்படியே நின்றாள். அவளுக்குத் தெரியாத சிரிப்பு அது. அவள் வீட்டில், அவள் கூரைக்குக் கீழே, பதினோரு வருசமாக எங்கேயோ மூட்டை கட்டி வைத்திருந்த சிரிப்பு.

இன்னொன்றும் அவளைத் தின்றது. திலகராணி அவளை 'யக்கா' என்று கூப்பிட்டாள். இவள் அக்கா என்றால் இவள் புருசன் அவளுக்கு அத்தான் ஆகிறான்.

"என்னைய மதினின்னு கூப்பிடு," என்றாள் ஒருநாள், பூவை அளந்துகொண்டே.

"நீங்க மூத்தவுகதானக்கா."

"மூத்தவள மதினின்னு கூப்பிட்டா நாக்கு அழுகிப் போகுமா? மதினின்னா இவுக ஒனக்கு அண்ணன் முறை. அதான முறை?"

திலகராணி பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "அத அவுகளே சொல்லட்டும்க்கா," என்றாள். முன்னறையில் உட்கார்ந்திருந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அவனை அண்ணாச்சி என்றும் சொல்லவில்லை, அத்தான் என்றும் சொல்லவில்லை. ஒரு பெயரும் வைக்காமல் வெறும் 'அவுக' என்றாள். பெயர் வைக்காத இடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது சண்முகக்கனிக்குத் தெரியும்.

அவள் சும்மா இருக்கவில்லை. உப்புத்தாள் வாங்கிவந்து பிரிட்ஜின் முதுகிலிருந்த பெயரைத் தேய்த்தாள், விரல்நுனி கிழிகிறவரை தேய்த்ததில் தகரம் கண்ணாடி மாதிரி ஆனது; டிக், ம்ம்ம், டக். மாடசாமியைக் கூப்பிட்டு அதே இடத்தில் தன் பெயரை அதைவிடப் பெரிசாக வெட்டவைத்தாள். டிக், ம்ம்ம், டக். ஒரு காலைப்பொழுது முழுவதும் அதன் முன்னால் மணைபோட்டு உட்கார்ந்து அதனிடமே பேரம் பேசினாள். "ஒனக்கு என்ன கொறை வச்சேன்? ஒரு நாள் தொடைக்காம இருந்திருக்கேனா? மேல சாமி படம் வச்சேன், கைப்பிடிக்குத் துணி தச்சுப் போட்டேன். அவ என்ன செஞ்சா? அவ அப்பன் வாங்கினான், அவ்வளவுதான. எனக்காக ஒரு வாட்டி ஓடு, போதும்." பிரிட்ஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. கேட்டுவிட்டு முனகியது, நின்றது.

அடுத்த நாள் ஆறு மணிக்கு அவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். திலகராணி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். பிறகு கதவு திறந்ததும், மத்தியானத்துக்குள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, திரிந்த பாலையும் கண் வெளுத்த மீனையும் உள்ளிருந்து எடுத்து, அவள் வாசல்படியில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். சண்டைக்கு வந்திருந்தால் சண்முகக்கனி சமாளித்திருப்பாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிச்சம்மா மட்டும் போகிறபோக்கில், "ஓடுற பொருள ஓட விடமாட்டேங்கிற. ஒனக்குப் பயம் பிரிட்ஜ் மேலயா?" என்றாள்.

சாயங்காலம் சண்முகக்கனியே பதினேழாவது வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே நின்று, "தினம் ரெண்டு வேளை வந்துட்டுப் போக ஒனக்கு என்ன வேணும், சொல்லு. பேசி முடிச்சிருவோம்," என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம்க்கா."

"ஒண்ணும் வேண்டாம்னு சொல்றவ கிட்டதான் பயப்படணும். ஏதாச்சும் கேளு."

"எனக்கு நடந்தாப்ல இருக்கும், வாரேன். இதுக்கு என்ன கேக்குறது?"

"பூவா? எண்ணெயா? அரிசியா?"

"ஒங்ககிட்ட இருக்கிறதுல எனக்கு வேணும்னு எதுவும் இல்லக்கா," என்று திலகராணி சொன்னாள். கோபமில்லாமல், சிரிக்காமல் சொன்னாள். சண்முகக்கனிக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஒருத்தி ஒரு விலை சொன்னால் அதை அடித்து இறக்கலாம். விலையே சொல்லாதவளை எங்கே பிடித்து இறக்குவது? அந்த 'எதுவும்' என்ற சொல்லை வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தாள். எதுவும் இல்லையாம். எதுவும் என்றால் அவனையும் சேர்த்தா, அவனைச் சேர்க்காமலா?

மறுநாள் காலை தெருக்கோடியிலிருந்து ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். உள்ளேயிருந்த பூவை எல்லாம் எடுத்துக் கூடையில் கொட்டினாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"இந்தா பாருங்க," என்றாள் புருசனிடம். "இத ஏத்திக் கொண்டுபோயி அவ வீட்டுல வச்சிட்டு வாங்க. வச்சிட்டு வந்தாலும் சரி. அங்கயே இருந்தாலும் சரி."

அவன் அவளைப் பார்த்தான்.

"என்ன பார்க்கீக? நான் பத்து மணிக்கு மேல வந்து எடுத்தவதான். எடுத்தவளுக்குத் திருப்பிக் குடுக்கவும் தெரியும். ஒங்க முதுகுல எவ பேரு வெட்டியிருக்குன்னு எனக்கும் தெரியணும், ஒங்களுக்கும் தெரியணும். போங்க."

கோமதிநாயகம் "ம்" என்றான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டான். நாலு பேர் கைகொடுத்து ஏற்றினார்கள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்க, சாமி சப்பரம் போவதைப் போல வெள்ளைப் பிரிட்ஜ் ஆடி அசைந்து போக, பின்னாலிருந்து அவன் தள்ளிக்கொண்டு போனான். ஒருமுறை திரும்பிப் பார்ப்பான் என்று அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல் தட்டாமல் வண்டி போக வேண்டுமே என்று அவன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனான்.

அப்போது மணி பத்து.

பிரிட்ஜ் நின்ற இடத்தில் தரை சதுரமாக வெளுத்திருந்தது. அவள் அதைத் துடைத்தாள். இறக்கிவைத்துவிட்டு வர அரைமணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டாள். பதினொன்று ஆனது. பூக்கட்ட உட்கார்ந்தாள், கை தானாகக் கட்டியது, கட்டியதைப் பார்த்தால் எல்லாம் தலைகீழாக இருந்தது, பிரித்தாள். பன்னிரண்டு ஆனது. இந்நேரம் அவள் உள்ளே கூப்பிட்டிருப்பாள், தண்ணீர் கொடுத்திருப்பாள், டம்ளரில் அவள் பெயர் இருக்கும், இவன் அதைத் தடவிப் பார்த்திருப்பான். ஒரு மணி ஆனது. இந்நேரம் சோறு போட்டிருப்பாள், தட்டிலும் அவள் பெயர் இருக்கும், கரண்டிக் காம்பிலும் இருக்கும், அவன் அந்தப் பெயருக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். பேசாதவன் பேசிக்கொண்டிருப்பான். சண்முகக்கனி சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தாள். இரண்டு மணிக்குப் பிச்சம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏத்தா, இன்னும் வரலயா?" என்று கேட்டாள். "ஒன் செம்புக்காரிய நீ மொதல்ல தேடு," என்றாள் இவள். மூன்று மணிக்குத் தெருவில் யாரும் அவள் வாசலைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருந்ததிலிருந்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

பத்து மணி வரைக்கும் நிற்கத் தெரிந்தவள், நாலு மணிக்கு நிற்க முடியாமல் எழுந்தாள். கொண்டையை அவிழ்த்து இறுக்கிப் போட்டாள். செருப்பில்லாமல் இறங்கி நடந்தாள். பதினேழு வீடு. ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் சொல்ல வேண்டிய ஒரு வசவைத் தேர்ந்தெடுத்தாள். முதலில் திலகராணிக்கு, பிறகு அவள் அப்பனுக்கு, பிறகு மாடசாமிக்கு, பிறகு தாய்மாமனுக்கு. கடைசி நாலு வீட்டையும் புருசனுக்கு என்று வைத்துக்கொண்டாள். வாய் நிறைய அத்தனையையும் அடக்கிக்கொண்டு பதினேழாவது வீட்டுப் படியேறி, நிலைப்படி தாண்டி வலதுகாலை உள்ளே வைத்தாள்.

பிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது.

முனகவில்லை, முக்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த அந்தப் பழைய பிரிட்ஜ், அவளைக் கண்டதும் மெத்தென்று ஓட ஆரம்பித்தது.

உள்ளே சவரிமுத்து நாலுபக்கமும் ரிலேயும் வயரும் பரப்பிக்கொண்டு வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். கோமதிநாயகம் கவிழ்த்துப்போட்ட வாளிமேல், பிளக்கைப் பிடித்தபடி, காலையில் கட்டின துண்டு கட்டினபடி உட்கார்ந்திருந்தான். முன்னால் வைத்த சோற்றில் கை வைத்த அடையாளம் இல்லை. திலகராணி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"காலையிலருந்து டிக்கு டக்குன்னு ஒரே இழவு," என்றார் சவரிமுத்து. "இந்தம்மா பேருல இருந்த பொருளு, இந்தம்மா வீட்டுலயே ஓடமாட்டேங்குது. இப்ப பாரு, வச்சிருக்கவளுக்கு ஓடல, தேடி வாரவளுக்கு ஓடுது. நான் இந்தத் தொழில விட்டுட்டு டீக்கடை போடப்போறேன்."

"அவ வருவான்னு நான் அப்பவே சொன்னேன்," என்றான் கோமதிநாயகம், யாரையும் பார்க்காமல்.

கொண்டுவந்த வசவுகளில் ஒன்றையும் காணோம். சண்முகக்கனி, "இத்தன மணி நேரமா இங்க என்ன பேச்சு?" என்று மட்டும் கேட்டாள். கேட்டது அவனிடம். பதில் சொன்னது திலகராணி.

"என்ன பேசுவாக? ஒங்க பேச்சுதான். சிவகாசி லாரிக்காரன நீங்க அழ வச்ச கதை, மழையில மார்க்கெட்ல ஒத்தையா நின்ன கதை, ஏலக்காரன் மக கல்யாணத்துக்கே மூணு மடங்கு வெலையில பூ வித்த கதை. ரெண்டு மாசமா ரெண்டு வேளையும் இதான். எனக்குக் காது வலிக்குதுக்கா. அந்த வீட்டு வாசப்படி ஏறும்போதெல்லாம் இன்னைக்காவது என்னையப் பத்தி ஒரு வார்த்த கேப்பாகளான்னு நெனச்சுட்டுதான் ஏறுனேன். கேக்கவே இல்ல."

சண்முகக்கனி புருசன் பக்கம் திரும்பினாள். "இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

அவன் பிளக்கைக் கையில் உருட்டினான். "ஒங்கிட்ட எதச் சொன்னாலும் பாதியா கொறச்சிருவ," என்றான்.

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு வயர்களைப் பொறுக்கினார். சண்முகக்கனி திலகராணியைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இரண்டு மாசமாகக் கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது, குடத்துத் தண்ணீரில் குனியும்போது தன் முகத்தில் அவள் பார்த்த அதே கண், அதே இறுகின தாடை. இன்னொருத்தி முகத்தில் அதைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் அவள் பதினேழு வீடு நடந்திருந்தாள். பார்த்ததும் வயிறு நிறையும் என்று நினைத்திருந்தாள். நிறைந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பசியோடு இருக்கிறவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டதைப் போல நிறைந்தது.

"பொழுது சாய நின்னுரும்," என்றாள் திலகராணியிடம். "காலையில ஆறு மணிக்கு வாரேன். சாயங்காலமும் வாரேன்."

"என்ன தரணும்க்கா?" என்று திலகராணி கேட்டாள்.

சண்முகக்கனி வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாயில் ஒரு விலையும் வரவில்லை. "பூவுக்கு எடம் விட்டு வையி," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

தெரு முழுக்க வாசலில் நின்றது. யார் வீட்டுப் பால் எந்த வீட்டில் வைப்பது, இனி குழாயடியில் முதல் குடம் யாருக்கு என்று அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். கோமதிநாயகம் காலியான தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அவள் கூடவே நடந்தான். நாலு வீடு தாண்டியதும் தொண்டையைக் கனைத்தான். கேட்காமலே அவனிடமிருந்து ஒரு வார்த்தை வருகிறது என்று அவள் நடையைக் குறைத்தாள்.

"காலையில நானும் கூட வரட்டா?" என்றான்.

"நீங்க எதுக்கு?" என்றாள் சண்முகக்கனி. "நான் போனா அது ஓடும். நீங்க வீட்டுல இருங்க."